அத்தியாயம் 7: சப்ஃபுளோர் பலகைகளைப் பங்கிடுதல்

நம் ஊரில் வீட்டு நிலம் என்றால் சீமெந்து. மண்ணை இறுக்கி, கல் பரப்பி, சாந்து போட்டு மட்டம் பிடித்தால் வேலை முடிந்தது. எந்தப் பக்கம் தொடங்குவது, எங்கே பொருத்து வரும் என்று யாரும் தலையை உடைத்துக்கொள்வதில்லை. ரொறன்ரோவிலோ மார்க்கத்திலோ வீட்டின் பின்பக்கம் ஓர் அறையைக் கூட்டிக் கட்டும்போது கதை வேறு. இங்கே நிலம் மரம். வரிசையாக நிற்கும் ஜொயிஸ்ட்கள் என்ற மர விட்டங்கள். அவற்றின் மேல் நான்கடிக்கு எட்டடிப் பலகைகள். அந்தப் பலகைகளின் மேல்தான் சுவரும் எழும்பும், கடைசியில் ஹார்ட்வூட்டோ டைலோ வந்து படியும். இடையில் இருக்கும் இந்தப் பலகைப் படைதான் சப்ஃபுளோர்.

வேலை முடிந்தபின் இது யார் கண்ணிலும் படாது. ஆனால் நடக்கும்போது கீச்சிடுவது, வைனலின் மேல் நீளக் கோடாகப் புடைத்துத் தெரிவது, ஒரே நேர்கோட்டில் டைல் சாந்து வெடிப்பது எல்லாம் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. பலகையைக் குறைசொல்லிப் பயனில்லை. பொருத்துகள் விழக்கூடாத இடத்தில் விழுந்திருக்கும்.

பலகை ஒன்றையும் உள்ளே தூக்குமுன் காகிதத்தில் செய்யவேண்டிய வேலை மட்டுமே இந்த அத்தியாயத்தில் வருகிறது. பசை, ஆணி பற்றி வரைபடத்தோடு தொடர்பு உள்ள அளவுக்கு மட்டும் பேசுவோம்.

பலகை எந்தப் பக்கம் ஓடும்

இதில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. எட்டடி நீளம் ஜொயிஸ்ட்டுக்குக் குறுக்கே ஓடவேண்டும். பிளைவூட்டின் மேல்தாளில் நார் நீளவாக்கில் ஓடுகிறது, ஓ.எஸ்.பி. பலகையிலும் மேற்பரப்புச் சீவல்களில் பெரும்பாலானவை நீளவாக்கில்தான் அடுக்கப்பட்டிருக்கும். பலகையின் பலம் அந்தத் திசையில்தான் இருக்கிறது. அறை நீளமாக இருக்கிறது, நீளத்தோடு போட்டால் வெட்டு குறையும் என்று சிலர் பலகையைத் திருப்பிவிடுவார்கள். அப்படிப் போட்ட நிலம் இரண்டு ஜொயிஸ்ட்டுக்கு நடுவே காலடியில் அமுங்கும்.

அதோடு ஒவ்வொரு பலகையும் குறைந்தது மூன்று ஜொயிஸ்ட்டில் அமரவேண்டும். அதாவது இரண்டு இடைவெளிகளையாவது தாண்டவேண்டும். 16 அங்குல இடைவெளியில் ஜொயிஸ்ட் நின்றால், நீங்கள் பயன்படுத்தும் ஆகச் சிறிய துண்டு 32 அங்குலம். எட்டடி என்பது 96 அங்குலம். 16 அதில் ஆறு தரம் போகும், 24 நான்கு தரம் போகும். பொறியியல் ஜொயிஸ்ட் போட்ட வீடுகளில் 19.2 அங்குலம் என்ற விசித்திரமான எண் வரும். அது வேறொன்றுமில்லை, 96ஐ ஐந்தாகப் பிரித்த கணக்கு. அளவு நாடாவில் சிறிய கறுப்பு வைரக் குறிகள் இருப்பது இதற்காகத்தான். நாடாவை வருடக்கணக்கில் வைத்திருந்தும் அந்தக் குறி எதற்கென்று கேட்காதவர்கள் நிறையப் பேர்.

தடிப்பைப் பொறுத்தவரை, கட்டடக் கோவை 16 அங்குல இடைவெளிக்கு 15.5 மில்லிமீட்டர் பிளைவூட்டையும் 24 அங்குலத்துக்கு 18.5 மில்லிமீட்டரையும் ஏற்கிறது. கோவை சொல்வது ஆகக் குறைந்த அளவு. டைல் போடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் முக்கால் அங்குலத்துக்கே போங்கள். விலை வித்தியாசம் பின்னால் டைலைக் கிளப்பும் கூலிக்கு முன் ஒன்றுமில்லை.

முதல் ஜொயிஸ்ட்டின் முக்கால் அங்குலம்

பலகைப் பங்கீடு பிழைப்பது பெரும்பாலும் ஜொயிஸ்ட் குறிக்கும்போதே. ஜொயிஸ்ட்டின் அகலம் ஒன்றரை அங்குலம். பலகையின் நுனி அதன் சரி நடுவில் முடியவேண்டும். அப்போதுதான் இந்தப் பலகைக்கு முக்கால் அங்குலம், அடுத்த பலகைக்கு முக்கால் அங்குலம் என்று தாங்க இடம் கிடைக்கும். முதல் பலகையோ தொடக்க ஜொயிஸ்ட்டின் வெளிவிளிம்பிலிருந்து கிளம்புகிறது. ஆகவே இரண்டாவது ஜொயிஸ்ட்டின் நடு அந்த வெளிவிளிம்பிலிருந்து 16 அங்குலத்தில் இருக்கவேண்டும்.

இதைச் சிலர் முதல் ஜொயிஸ்ட்டின் நடுவிலிருந்து 16 என்று அளந்துவிடுவார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லா ஜொயிஸ்ட்டும் முக்கால் அங்குலம் தள்ளிப்போய்விடும். எட்டாவது அடியில் பலகையின் நுனி ஜொயிஸ்ட்டின் ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் அந்தரத்தில் நிற்கும். சரியான வழி: நாடாவை வெளிவிளிம்பில் மாட்டி, 15¼ அங்குலத்தில் கோடு போட்டு, கோட்டுக்கு அப்பால் பெருக்கல் குறி போடுங்கள். ஜொயிஸ்ட் அந்தக் குறியின் மேல் நிற்கும். அதன் நடு 16இல் விழும். பிறகு நாடாவைக் கழற்றாமல் 31¼, 47¼ என்று போய்க்கொண்டே இருங்கள். ஒவ்வொன்றாக நகர்த்தி நகர்த்தி 16 அளந்தால் கோட்டுத் தடிப்பே சேர்ந்து சேர்ந்து அரை அங்குலமாகிவிடும்.

ஜொயிஸ்ட் வேலையை ஒப்பந்தக்காரர் முடித்துவிட்டுப் போயிருந்தால், பலகைக்குக் காசு கட்டுமுன் நீங்களே நாடாவை மாட்டி 96, 192 ஆகிய இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள். அங்கே ஜொயிஸ்ட்டின் நடு வந்தால் நிம்மதி. வராவிட்டால் அந்த இடத்தில் ஜொயிஸ்ட்டோடு ஒரு கட்டையைச் சேர்த்து ஆணியடித்துத் தாங்கும் இடத்தை அகலமாக்கச் சொல்லுங்கள். இப்போது அது கால் மணி நேர வேலை.

ஓர் அறையை முழுதாகப் பங்கிட்டுப் பார்ப்போம்

வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு 13 அடிக்கு 18 அடி 8 அங்குலம். ஜொயிஸ்ட் 13 அடிப் பக்கமாக ஓடுகிறது, 16 அங்குல இடைவெளி. அங்குலத்தில் சொன்னால் 156க்கு 224.

முதலில் சதுரம் பாருங்கள். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் 22 அடி 9 அங்குலம் வரவேண்டும். இரண்டும் சமமாக வராவிட்டால் சட்டகம் கோணியிருக்கிறது. பலகை அதைச் சரிசெய்யாது, காட்டித்தான் கொடுக்கும்.

அடுத்து நீளப்பக்கம். 224இல் 16 பதினான்கு தரம் சரியாகப் போகிறது. முதல் வரிசை: 96, 96, 32. அந்த 32ஐ வெட்டிய பலகையில் 64 அங்குலத் துண்டு மிஞ்சும். அதைத் தூக்கிப்போடாமல் இரண்டாம் வரிசையை அதிலேயே தொடங்குங்கள்: 64, 96, 64. கடைசி 64ஐப் புதிய பலகையில் வெட்டினால் 32 மிஞ்சும். அது மூன்றாம் வரிசையின் கடைசித் துண்டாகப் போய் உட்காரும். மூன்றாம் வரிசை முதல் வரிசையைப் போல, நாலாவது இரண்டாவதைப் போல. பொருத்துகள் ஒரு வரிசையில் 96இலும் 192இலும், அடுத்ததில் 64இலும் 160இலும் விழுகின்றன. பக்கத்துப் பக்கத்து வரிசைகளின் பொருத்துகளுக்கு இடையே இரண்டு ஜொயிஸ்ட் தூரம். செங்கல் வரியைப் போல மாறி மாறி வரவேண்டும் என்று கோவை கேட்பது இதைத்தான்.

நீளப்பக்கம் இப்படி வாய்ப்பது அதிர்ஷ்டம். இக்கட்டு அகலப்பக்கத்தில் இருக்கிறது.

நான்கடிப் பலகை என்று சொன்னாலும், நாக்கும் காடியும் உள்ள பலகை பொருந்தியபின் மூடும் அகலம் பொதுவாக 47½ அங்குலம். உங்கள் கடைப் பலகையை நீங்களே அளந்து அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுங்கள். மூன்று வரிசைக்கு 142½. மொத்தம் 156. மீதி 13½ அங்குலம்.

இந்த 13½ அங்குலப் பலகை நாடாவைக் கடைசிச் சுவரோரம் ஒட்டிவிட்டால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். பலகை எண்ணிக்கையும் அதற்குச் சாதகமாகப் பேசும். மூன்று முழு வரிசைக்கு ஏழு பலகை. ஒரே ஒரு பலகையை நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தால் கடைசி நாடா முழுவதும் முடிந்துவிடும். ஆக எட்டே பலகை. ஆனால் அந்த மூன்று நாடாவில் ஒன்றில் மட்டும்தான் நாக்கு இருக்கும். மற்ற இரண்டும் மூன்றாம் வரிசையின் காடியோடு பிணையாமல் சும்மா ஒட்டி நிற்கும். ஆள் நடக்கும்போது ஒரு விளிம்பு அமுங்க, மற்றது அமுங்காது. அவற்றின் கீழே ஜொயிஸ்ட்டுக்கு ஜொயிஸ்ட் கட்டை அடித்துத் தாங்கலாம், கோவையும் அதை ஏற்கும். அப்படிச் செய்தாலும் நாடா ஒடுக்கமானது. ஒடுக்கமான துண்டு முழுப் பலகை போல் பாரத்தைப் பக்கவாட்டில் பகிராது. 24 அங்குலத்துக்குக் குறைந்த துண்டைத் தவிர்ப்பது நல்ல வழக்கம். சுவரோரம்தானே என்கிறீர்கள், அலுமாரியும் கட்டில் காலும் வந்து நிற்பது சுவரோரம்தான்.

சரியான தீர்வு முதல் வரிசையையே கிழிப்பது. நடுவில் இரண்டு முழு வரிசை, 95 அங்குலம். மீதி 61ஐ இரண்டு ஓரத்துக்கும் பிரியுங்கள்: முதல் வரிசை 31, கடைசி வரிசை 30. இரண்டும் 24க்கு மேல். முதல் வரிசையில் நாக்குப் பக்கத்தை வெட்டி எறிந்து காடியை வைத்துக்கொள்கிறீர்கள். கடைசி வரிசையில் காடிப் பக்கத்தை வெட்டி நாக்கை வைத்துக்கொள்கிறீர்கள். இதை மாற்றி வெட்டிவிட்டால் பலகை வீண். ஆகவே படத்தில் ஒவ்வொரு துண்டிலும் நாக்கு எந்தப் பக்கம் என்று சிறு அம்பு போடுங்கள். இன்னொன்று: முதல் வரிசையின் 32 அங்குலத் துண்டுக்கு, முதலில் குறுக்கே வெட்டுங்கள், பிறகுதான் நீளவாக்கில் கிழியுங்கள். வரிசை மாறினால் இரண்டாம் வரிசைக்கு வேண்டிய 64 அங்குலத் துண்டும் 31 அகலத்துக்குக் குறுகிப்போயிருக்கும்.

எண்ணிப் பாருங்கள்: முதல் வரிசைக்கு மூன்று, இரண்டாவதற்கு மேலும் இரண்டு, மூன்றாவதற்கு இரண்டு, கடைசிக்கு மூன்று. பத்துப் பலகை. சதுர அடிக் கணக்கில் போனால் 243ஐ 32ஆல் வகுத்து எட்டு என்று கடைக்காரர் சொல்லுவார். பத்து வீதம் கழிவு சேர்த்தால் ஒன்பது. படம் கீறினால்தான் பத்து என்று தெரியும். நான் பதினொன்று வாங்கச் சொல்வேன். இரண்டு பலகை மிச்சம் பிடிக்கும் திட்டமும் கையில் இருக்கிறது. பணம் உங்களுடையது, ஆனால் சொந்த வீட்டில் நான் அதைச் செய்யமாட்டேன்.

எட்டில் ஓர் அங்குலம்

பலகைகளை நெருக்கி இடிக்க வைத்து ஆணியடிப்பது நம்மவர் கைக்குத் தானாக வரும். இடைவெளி தெரிந்தால் வேலை சுத்தமில்லை என்ற எண்ணம். மரம் ஈரம் குடித்தால் விரியும். கூரை ஏறுமுன் திறந்த வெளியில் நிலம் போடும் நாட்டில் ஒரு மழையாவது அதன் மேல் பெய்யும், ஓ.எஸ்.பி.யின் விளிம்பு முதலில் ஊதும். போக இடமில்லாவிட்டால் இரண்டு விளிம்பும் ஒன்றையொன்று மேலே தள்ளிக் கூரையாக நிமிரும். நுனிக்கு நுனி எட்டில் ஓர் அங்குலம், ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் விடவேண்டும். அளவுக்கு ஓர் ஆணியையே நடுவில் சொருகிப் பிறகு எடுத்துவிடலாம். நாக்குப் பக்கத்தில் பல தயாரிப்புகள் அந்த இடைவெளியைத் தாமாகவே விடும்படி செய்யப்பட்டிருக்கும். ஆகவே நாக்கு ஏறிவிட்டது என்று தெரிந்தபின் சம்மட்டியை நிறுத்திவிடுங்கள்.

இந்த இடைவெளியும் படத்தில் ஏறவேண்டிய எண். பலகை சரியாக 96 அங்குலம் இருந்து, ஒவ்வொரு பொருத்துக்கும் எட்டில் ஒன்று விட்டால், நீண்ட வரிசையில் பொருத்து மெல்ல மெல்ல ஜொயிஸ்ட்டின் நடுவை விட்டு விலகும். இதற்காகவே சில ஆலைகள் நீளத்தை எட்டில் ஓர் அங்குலம் குறைத்து 95⅞ ஆக வெட்டி அனுப்புகின்றன. கடையிலேயே ஒன்றை அளந்துவிடுங்கள். 19 அடிக்குள் இருக்கும் நம் அறையில் விலகல் கால் அங்குலத்துக்கு மேல் போகாது, சமாளிக்கலாம். 30, 40 அடிக்கு ஓடும் நிலத்தில் நடுவில் ஒரு பலகையைச் சிறிது குறைத்து வெட்டிக் கணக்கை நேராக்கவேண்டும்.

முதல் கோடு

காகிதத்தில் இருப்பதை நிலத்துக்கு இறக்குவது ஒரே ஒரு சோக் கோடு. தொடங்கும் விளிம்பிலிருந்து 31 அங்குலத்தை இரண்டு முனையிலும் குறித்து, நூலை இழுத்துத் தெறியுங்கள். முதல் வரிசையின் காடி விளிம்பு இந்தக் கோட்டில் படுத்தால் போதும். வெளிப்பக்கம் சற்று உள்ளே வெளியே இருந்தாலும் கவலையில்லை, பிறகு சீவிவிடலாம். விளிம்புக் கட்டை வளைந்திருக்கலாம், கோடு வளையாது. முதல் வரிசை நேராக இல்லாவிட்டால் மூன்றாம் வரிசையில் நாக்கு ஏறவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

காடி ஏன் அடுத்த வரிசையைப் பார்க்கவேண்டும் என்றால், அடுத்த பலகையின் நாக்கை அதற்குள் ஏற்றும்போது சம்மட்டி அடி அந்தப் பலகையின் காடிப் பக்கத்தில் விழும். நடுவில் ஒரு கட்டையை வைத்து அடித்தால் காடி தாங்கும். நாக்கு தாங்காது, நசுங்கும். நாக்கு நசுங்கிய பலகை ஏறாது.

சுவர்கள் ஏற்கெனவே நிற்கும் பழைய அறையில் நிலத்தைப் பெயர்த்துப் புதிதாகப் போடுகிறீர்கள் என்றால் இரண்டு சங்கடம் கூடுதலாக உண்டு. கடைசி வரிசையில் சம்மட்டி ஓங்க இடமிராது. சுவரில் கட்டை முட்டுக்கொடுத்துக் கடப்பாரையால் நெம்பித்தான் ஏற்றவேண்டும். அதற்கு விரலளவு இடம் சுவரோரம் விடப்பட்டிருக்கவேண்டும். சுவருக்குச் சமாந்தரமாக ஓடும் பலகை நுனிக்குக் கீழே ஜொயிஸ்ட் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இராது, சுவரோரம் ஒரு தாங்கு கட்டை வேண்டும்.

பொருத்து எங்கே விழக்கூடாது

படத்தில் கழிவறைக் குழாய், சூடாக்கிக் காற்று வரும் துளை, வாசல், படிக்கட்டுத் திறப்பு எல்லாவற்றையும் பென்சிலால் போட்டுக்கொள்ளுங்கள். கழிவறைக் குழாயின் துளை ஒரு பலகையின் வயிற்றில் விழவேண்டும், இரண்டு பலகையின் பொருத்தில் விழக்கூடாது. அப்படி விழுந்தால் வரிசையின் தொடக்கத் துண்டை ஒரு ஜொயிஸ்ட் இடைவெளி கூட்டியோ குறைத்தோ பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் 64க்குப் பதில் 48இல் தொடங்கினால் 48, 96, 80 என்று அமையும். துளை காற்று வழியாக இருந்தால் அவ்வளவு கண்டிப்பு வேண்டாம், ஓரத்தில் தாங்கு கட்டை இருந்தால் சரி. டைலுக்காக மேலே இரண்டாவது படை வருமானால் அதன் பொருத்துகள் கீழ்ப்படையின் பொருத்துகளுக்கு மேல் வராமல் தள்ளி வைக்கவேண்டும். அதற்கும் இதே படம் வேண்டும்.

பசை விஷயத்தில் படம் சொல்வது ஒன்றுதான்: நுனிகள் சந்திக்கும் ஜொயிஸ்ட்டில் இரண்டு கோடு பசை, மற்றவற்றில் ஒரு கோடு. ஓரிரு பலகைக்கு வேண்டிய அளவே பூசுங்கள், காயுமுன் ஆணியடித்து முடியுங்கள். ஆணி விளிம்புகளில் 6 அங்குலத்துக்கு ஒன்று, நடு ஜொயிஸ்ட்களில் 12 அங்குலத்துக்கு ஒன்று; பலகை விளிம்பிலிருந்து ⅜ அங்குலம் உள்ளே. முக்கால் அங்குலத் தாங்கலில் இதற்கு மேல் தாராளம் காட்ட இடமில்லை.

பேஸ்மென்ட்டும் இலண்டனும்

ஸ்காபரோ பேஸ்மென்ட்களில் கொங்கிரீட் மேல் போடும் இரண்டடிக்கு இரண்டடிச் சதுரப் பலகைகளுக்கு ஜொயிஸ்ட் கணக்கு இல்லை. கீழே குமிழ் வைத்த பிளாஸ்டிக் இருக்கும், நான்கு பக்கமும் நாக்கு-காடி. அங்கேயும் அகலத்தை வகுத்துப் பார்த்து, கடைசி வரிசை சில அங்குலமாகச் சுருங்குமானால் முதல் வரிசையைக் குறைத்துவிடுங்கள்; சுற்றிவர இடைவெளி விடுங்கள்; வரிசைக்கு வரிசை பாதிப் பலகை தள்ளிப் போடுங்கள். தரை ஈரம் வடியும் பேஸ்மென்ட் என்றால் பங்கீட்டை மறந்துவிட்டு முதலில் நீரை நிறுத்துங்கள்.

இங்கிலாந்தில் இருக்கும் வாசகர்களுக்கு எண்கள் மாறும். அங்கே வழக்கமான சிப்போர்ட் பலகை 2400க்கு 600 மில்லிமீட்டர். நான்கு விளிம்பிலும் நாக்கு-காடி. 18 மில்லிமீட்டர் தடிப்பு 450 மில்லிமீட்டர் ஜொயிஸ்ட் இடைவெளி வரைக்கும், 22 மில்லிமீட்டர் 600 வரைக்கும். அகலம் சிறிதாக இருப்பதால் கடைசி வரிசைச் சிக்கல் அடிக்கடி வரும், ஆனால் அதே வகுத்தல் கணக்குத்தான் தீர்வு.

படம் முடிந்ததும் வெட்டும் பட்டியலை எழுதி, பலகைகளில் 1, 2, 3 என்று எண் போடுங்கள். முக்கால் அங்குல ஓ.எஸ்.பி. ஒன்று ஏறத்தாழ 35 கிலோ. பத்தையும் ஜொயிஸ்ட்டின் நடுவில் ஒரே அடுக்காக ஏற்றினால் 350 கிலோ. சுவரோரமாக இரண்டு மூன்று அடுக்காகப் பிரித்து, முதலில் வேண்டியது மேலே வரும்படி வையுங்கள். கீழே போகும் குழாய், கம்பி, காப்புப் பஞ்சு எல்லாவற்றையும் பரிசோதகர் பார்த்துக் கையெழுத்து வைக்குமுன் ஒரு பலகையைக்கூட ஆணியடிக்காதீர்கள். திறந்து காட்டச் சொன்னால், பசை பூசிய பலகை முழுதாகக் கழலாது. மிஞ்சிய பதினோராவது பலகை நனையாமல் இருந்தால் பல கடைகள் திருப்பி எடுத்துக்கொள்ளும். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.